தந்தையின் சுவடும் தனயனின் சக்கரமும்

1925ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள், பாரிசுக்குத் தெற்கேயுள்ள மோன்லேரி ஓடுபாதையில் பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயம் நடந்தது. முன்னணியில் விரைந்துகொண்டிருந்த ஆல்ஃபா ரோமியோ காரின் சக்கரம் பாதையோர மரவேலியில் சிக்க, கார் கவிழ்ந்தது. அதை ஓட்டிய அந்தோனியோ அஸ்காரி உயிரிழந்தார். அவருக்கு வயது 36. இத்தாலியின் மிலான் நகரில் அவருடைய மகன் அல்பர்ட்டோவுக்கு அப்போது ஏழு வயது நிறைந்து இரண்டு வாரங்களே ஆகியிருந்தன.

தந்தையை விழுங்கிய தொழிலை மகன் வெறுத்திருந்தால் எவரும் வியந்திருக்கமாட்டார்கள். அல்பர்ட்டோ அதையே விரும்பினார். இளமையில் பியாங்கி மோட்டார் சைக்கிள்களில் பந்தயம் ஓடினார். 1940இல் மிலே மிலியா பந்தயத்தில் கலந்துகொண்டபோது அவர் ஓட்டிய கார், என்ஸோ ஃபெர்ராரி தம் சொந்தப் பட்டறையில் உருவாக்கிய முதல் கார். ஃபெர்ராரி அந்தோனியோவின் நண்பர். அவரோடு ஒரே அணியில் கார் ஓட்டியவர். அன்று அந்தக் கார் பந்தயத்தை முடிக்கவில்லை. சில வாரங்களில் இத்தாலி போரில் இறங்கியது, பந்தயங்களும் நின்றன.

போருக்குப் பின் குடும்பத்தைக் கவனித்துக்கொண்டு ஒதுங்கியிருக்க எண்ணிய அல்பர்ட்டோவை மீண்டும் ஓடுபாதைக்கு இழுத்து வந்தவர் லூயிஜி வில்லோரேசி. அல்பர்ட்டோவைவிட ஒன்பது வயது மூத்த இப்பந்தய வீரர் அவருக்கு நண்பராகவும் ஆசானாகவும் விளங்கினார். இருவரும் மஸெராட்டி கார்களை ஓட்டினர். 1949இல் ஃபெர்ராரி அணியில் சேர்ந்தனர். உலக சாம்பியன் பட்டத்துக்கான போட்டிகள் 1950இல் தொடங்கின. 1951இல் ஜெர்மனியிலும் இத்தாலியிலும் வென்ற அல்பர்ட்டோ, பட்டத்தை நெருங்கினார். ஆனால் ஸ்பெயினில் நடந்த இறுதிப் பந்தயத்தில் அவருடைய அணி தேர்ந்த டயர்கள் நிலைக்கவில்லை. பட்டம் அர்ஜென்டினாவின் ஃபான்ஹியோவுக்குச் சென்றது.

அடுத்த ஆண்டு அவருடைய காலம் பிறந்தது. லம்பிரெடி வடிவமைத்த இரண்டு லிட்டர் ஃபெர்ராரி காரில் பெல்ஜியம், பிரான்சு, பிரிட்டன், ஜெர்மனி, நெதர்லாந்து, இத்தாலி ஆகிய ஆறு பந்தயங்களையும் தொடர்ந்து வென்று 1952இன் உலக சாம்பியன் ஆனார். 1953இல் அர்ஜென்டினா, நெதர்லாந்து, பெல்ஜியம் என வெற்றி தொடர்ந்தது. அவர் பங்கேற்ற உலகப் பட்டப் பந்தயங்களில் அடுத்தடுத்து ஒன்பது வெற்றிகள்! அறுபது ஆண்டுகள் கழித்து, 2013இல்தான் செபாஸ்டியன் வெட்டல் இந்த எண்ணைத் தொட்டார். 2023இல் மாக்ஸ் வெர்ஸ்டாப்பன் அதைக் கடந்தார். 1953லும் பட்டம் அல்பர்ட்டோவுக்கே கிடைத்தது. அதன்பின் எழுபது ஆண்டுகள் கடந்தும் இத்தாலியர் எவரும் அதை மீண்டும் பெறவில்லை.

சற்றே பருத்த உடல்வாகு கொண்ட அவரை மக்கள் 'சிச்சோ' என்று செல்லமாக அழைத்தனர். தொடக்கத்திலேயே முன்னணியைப் பிடித்து, ஒரே சீரான வேகத்தில் எட்டமுடியாத தொலைவுக்குச் சென்றுவிடுவதே அவர் முறை. காண்போருக்கு அது எளிய வேலையாகத் தோன்றியது. அந்த அமைதிக்கு அடியில் அச்சம் இருந்தது. கறுப்புப் பூனை குறுக்கிட்டால் வேறு வழியில் போவார். தம் நீலநிறத் தலைக்கவசத்தைப் பிறர் தொட விடமாட்டார். தம் இரு குழந்தைகளிடமும் கண்டிப்பாகவே நடந்துகொண்டார் என்று அவரை அறிந்தோர் கூறியுள்ளனர். தாம் ஒருநாள் திரும்பாமற் போனால் அவர்களுக்குத் துயரம் குறைவாக இருக்கட்டும் என்பது அவர் எண்ணமாம். ஏழு வயதில் தந்தையை இழந்த ஒருவர் தம் பிள்ளைகளுக்குத் தரக்கூடிய கொடை அதுவே என அவர் கருதினார் போலும்.

1954இல் லான்சியா நிறுவனத்தில் சேர்ந்தார். புதிய கார் அக்டோபர் வரை தயாராகவில்லை. அந்த ஆண்டின் பெரும்பகுதி காத்திருப்பில் கழிந்தது. எனினும் 1,600 கிலோமீட்டர் அளவுக்கு நீண்ட மிலே மிலியாவைத் தனியொருவராக ஓட்டி வென்றார். அவருக்காக உருவான லான்சியா காரை வடிவமைத்தவர் வித்தோரியோ யானோ. தந்தை உயிர்விட்ட ஆல்ஃபா ரோமியோவை வடிவமைத்தவரும் அவரே.

1955 மே 22, மொனாக்கோ. முன்னே சென்ற கார்கள் பழுதாகி விலக, முதலிடம் அல்பர்ட்டோவின் கைக்கு எட்டிய அதே வேளையில் அவருடைய லான்சியா தடம் புரண்டு துறைமுகக் கடலில் விழுந்தது. நீந்தி மேலே வந்தார். மூக்கில் காயம், உடலில் சிராய்ப்புகள், அவ்வளவே. நான்கு நாட்கள் கழித்து, தம் இளைய தோழர் காஸ்டெலோட்டியின் ஃபெர்ராரி சோதனை ஓட்டத்தைக் காண மோன்ஸா ஓடுபாதைக்குச் சென்றார். காரோட்டும் எண்ணத்தோடு அவர் வரவில்லை. ஆயினும் சில சுற்றுகள் ஓட்டிப் பார்க்க விரும்பினார். விபத்துக்குப் பின் நாள் கடத்தினால் அச்சம் உறைந்துவிடும் என்பது பந்தய வீரர்களின் பழைய நம்பிக்கை. தம் தலைக்கவசம் கைவசம் இல்லாததால் காஸ்டெலோட்டியின் கவசத்தை அணிந்துகொண்டார். மூன்றாம் சுற்றில் கார் கவிழ்ந்து அவர் உயிர் பிரிந்தது. காரணம் இன்றளவும் தெளிவாகவில்லை.

அன்று மே 26. அவருக்கும் வயது 36. தந்தையும் மகனும் ஒரே வயதில், ஒரே தேதியில் மறைந்ததை வைத்து விதியின் கணக்கை எழுதியவர் பலர். அந்தக் கணக்கு கேட்பதற்குச் சுவையானது; ஆனால் அது அந்த மனிதரை மறைத்துவிடுகிறது. அஞ்சியவர் அவர், அஞ்சியபடியே ஒவ்வொரு முறையும் இருக்கையில் அமர்ந்தவர். வாழ்நாளெல்லாம் காத்த ஒரு நியமத்தை அன்று அவரைத் தளர்த்த வைத்ததும், அச்சத்தை வெல்லும் அந்த அவசரமாகவே இருக்கக்கூடும்.

மிலான் கல்லறையில் தந்தைக்கு அருகில் அவர் துயில்கிறார். சில நாட்களில் லான்சியா பந்தயத்திலிருந்து விலகியது. அதன் கார்கள் ஃபெர்ராரியிடம் ஒப்படைக்கப்பட்டன. அவற்றிலிருந்து உருவான காரில் 1956இல் ஃபான்ஹியோ சாம்பியன் ஆனார். மோன்ஸாவில் அவர் வீழ்ந்த வளைவு இன்று அஸ்காரி என்ற பெயரைத் தாங்குகிறது. ஆண்டுதோறும் அங்கே வரும் இளைஞர்கள் வேகத்தைக் குறைத்துத்தான் அந்த வளைவைக் கடக்கவேண்டியிருக்கிறது.