அடைக்கலம் தேடி வந்த சிற்பி

அடைக்கலம் கேட்டு வந்தோரை ஆதரித்தல் இஸ்லாமிய வரலாற்றின் தொடக்கத்திலேயே இடம்பெற்ற அறமாகும். மக்கத்துக் குறைஷியரின் கொடுமை தாளாது அபிசீனியா சென்ற முதல் முஸ்லிம்களுக்குக் கிறித்தவ மன்னர் நஜ்ஜாஷி நிழல் தந்தார். பதின்மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னர், ஐரோப்பாவினின்றும் விரட்டப்பட்ட அறிஞர்க்கு முஸ்லிம்கள் வாழும் துருக்கி தன் கதவைத் திறந்தது. அக்கதவின் வழியே நுழைந்தோருள் ஒருவர் ஜெர்மானியச் சிற்பி ருடால்ஃப் பெல்லிங்.

1886இல் பெர்லினில் பிறந்த பெல்லிங், இளமையில் நாடக அரங்குகளுக்கு உருவங்கள் செய்து கொடுத்து வளர்ந்தவர். 1918இல் புதுமைக் கலைஞர்கள் கூடி அமைத்த நவம்பர் குழுவின் நிறுவனருள் ஒருவரானார். 1919இல் அவர் வடித்த ‘முவ்விசைவு’ என்னும் சிற்பம் மூன்று வடிவங்கள் ஒன்றையொன்று தழுவி எழுவதாகும். கல்லும் மரமும் நிறைந்த இடம் மட்டுமன்றி, அவற்றினிடையே உள்ள வெற்றிடமும் சிற்பத்தின் உறுப்பே என்பது அவர் கொள்கை.

1933இல் நாஜிகள் ஆட்சியைக் கைப்பற்றினர். பெல்லிங்கின் கலை அவர்கட்கு உவப்பாயில்லை. அவருடைய முதல் மனைவி யூத வழியினர். ஆகவே மகனின் உயிர்க்கும் அச்சம் சூழ்ந்தது. அதே 1933இல் துருக்கிக் குடியரசு தன் பல்கலைக்கழகத்தைச் சீரமைத்து, பதவி பறிக்கப்பட்ட ஜெர்மானியப் பேராசிரியர் பலரை அழைத்துக்கொண்டது. இதில் இரக்கத்தோடு நாட்டின் தேவையும் கலந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், அழைக்கப்பட்டோர்க்கு அது வாழ்வாயிற்று. 1937இன் தொடக்கத்தில் பெல்லிங் இஸ்தான்புல் நுண்கலைக் கழகத்தின் சிற்பத்துறைத் தலைவரானார். மகனும் பின்னர் அந்நகரை அடைந்தான்.

அவ்வாண்டு சூலையில் மியூனிக்கில் ஒரு விந்தை நிகழ்ந்தது. ‘சீரழிந்த கலை’ எனப் பழித்து நாஜிகள் நடத்திய கண்காட்சியில் பெல்லிங்கின் படைப்புகள் இழிவுக்கு வைக்கப்பட்டன. அதே நகரில் அவர்கள் போற்றி நடத்திய மற்றொரு கண்காட்சியிலோ, குத்துச்சண்டை வீரர் மாக்ஸ் ஷ்மெலிங்கை வடித்த அவருடைய வெண்கலச் சிலை சிறப்பிடம் பெற்றிருந்தது! அதிகாரத்தின் கலையறிவு எத்தகையது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

உருவம் வடித்தலை மார்க்கம் விரும்பாத மக்களிடையே ஒரு சிற்பி என்ன கற்பிப்பார் என்னும் வினா எழலாம். பள்ளிவாசல்களில் எழுத்தணியும் வடிவியல் கோலமும் குவிமாடத்தின் உள்வெளியுமே உயர்கலையாய் விளங்கிய நகரம் அது. 1943இல் அந்நகரப் பல்கலைக்கழகத்திற்கு வந்த ஆஸ்திரிய அறிஞர் எர்ன்ஸ்ட் டீட்ஸ், அந்த இஸ்லாமியக் கலை மரபை வரலாற்று முறையில் ஆராயும் துறைக்கு வித்திட்டார். ஒரே நகரில் ஒருவர் பழமையை ஆய, மற்றவர் புதுமைக்குக் கைகளைப் பழக்கினார். பெல்லிங் தம் புதுமையை மாணவர்மீது திணிக்கவில்லை. உடற்கூறு, இயற்கையை உற்றுநோக்கல், கைத்திறன் ஆகியவற்றிலேயே கண்டிப்புக் காட்டினார். அவரிடம் பயின்ற இல்ஹான் கோமான் பிற்காலத்தில் வடிவியலைக் கொண்டே சிற்பம் படைத்துப் புகழ் எய்தினார். ஆசிரியரின் நகலாகாது தாமாகவே வளர்ந்த மாணவர் அவர்.

அடைக்கல வாழ்விலும் ஏமாற்றங்கள் உண்டு. தக்சீம் திடலுக்கென அவர் வடித்த குடியரசுத் தலைவர் இனோனுவின் குதிரைச் சிலை, அரசியல் மாறியதால் அங்கு ஏறவில்லை. 1982இல்தான் வேறொரு பூங்காவில் நிறுவப்பட்டது. அதைக் காணப் பெல்லிங் இல்லை. 1966இல் தாயகம் திரும்பிய அவர், 1972இல் மியூனிக் அருகே மறைந்தார்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்நிய மண்ணில் உழைத்த அம்மனிதர் விட்டுச்சென்ற பெருஞ்செல்வம் அவர்தம் மாணவரே. அடைக்கலம் தந்த நாடு அவரிடம் பெற்றது, தான் கொடுத்ததினும் குறைந்ததன்று. வாயிலில் நிற்கும் அயலானைச் சுமையெனக் கருதுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.