கண்டியின் கடைசி அரசன்

கண்டிக்குப் போகும் நம்மவர் பலர் வாவியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவதுண்டு. அடுத்தமுறை செல்லும்போது, தலதா மாளிகைக்கு அருகேயுள்ள பழைய அரச மாளிகைக்கும் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லுங்கள். மன்னர் வாழ்ந்த அம்மாளிகையும், அரசியர் வாழ்ந்த பல்லே வாகலையும் இன்று நூதனசாலைகளாக விளங்குகின்றன. அங்கே இறுதியாக அரசாண்டவன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன்.

கண்ணுசாமி என்பது அவனது இளமைப் பெயர். தென்னிந்திய நாயக்கர் மரபில் வந்தவன். 1798ஆம் ஆண்டில் ராஜாதி ராஜசிங்கன் காலமானபோது, முதல் மந்திரியான பிலிமத்தலாவை, பதினெட்டு வயது இளைஞனாகிய இவனை அரியணையில் ஏற்றினான். இளைஞன் தன் சொற்படி ஆடுவான் என்று எண்ணினான். அந்த எண்ணம் பலிக்கவில்லை. அரசனுக்கு எதிராகச் சதிசெய்த அவன் 1811இல் மரண தண்டனை பெற்றான்.

1803இல் கண்டியைப் பிடித்த ஆங்கிலேயப் படையை முறியடித்தவன் இவ்வரசன். நீங்கள் கண்டு மகிழும் வாவியும், எண்கோண மண்டபமும் அவன் காலத்தவையே. ஆனால், அவற்றுக்காக உழைத்துக் களைத்த குடிமக்களின் மனம் அவனைவிட்டு விலகியது. சந்தேகமும் அவனைப் பற்றிக்கொண்டது. 1814இல் மந்திரி எகலப்பொலை ஆங்கிலேயரிடம் ஓடியபோது, அரசன் அவனுடைய மனைவி மக்களைக் கொல்லுவித்தான். அஞ்சி நின்ற தமையனை விலக்கிவிட்டு, சிறுவன் மத்தும பண்டார தானே முன்வந்து உயிர்கொடுத்தான் என்று இன்றும் சொல்லுவர்.

அதன்பின் அரசனுக்காக நிற்க ஆளில்லை. 1815 பெப்ரவரியில் ஆங்கிலேயர் கண்டியுட் புகுந்தனர். ஒளிந்திருந்த அரசன் 18ஆம் திகதி பிடிபட்டான். மார்ச் 2ஆம் திகதி, மரத்தூண்கள் நிறைந்த மகுல் மடுவ மண்டபத்திலே, பிரதானிகள் நாட்டை ஆங்கிலேய முடிக்கு ஒப்படைத்தனர். அவர்களுட் சிலர் தமிழெழுத்திலேயே கையொப்பமிட்டனர்.

1816இல் கப்பலேற்றி அனுப்பப்பட்ட அரசன், வேலூர்க் கோட்டையிற் சிறைவாசம் அனுபவித்து, 1832 ஜனவரி 30ஆம் திகதி மாண்டான். இங்கிலாந்துக்குப் போன அவனது சிம்மாசனம் 1934இல் திரும்பி வந்தது. அதனைக் கொழும்பு நூதனசாலையில் நீங்கள் காணலாம்.

பகைவனை வென்ற அரசனை வீழ்த்தியது எது என்று அம்மண்டபத்தில் நின்று பிள்ளைகளிடம் கேளுங்கள். தந்தைமேற் கொண்ட கோபத்தைப் பாலர்மேல் தீர்த்த அரசனை மக்கள் கைவிட்டார்கள். வீட்டை ஆள்பவருக்கும் அதில் ஒரு பாடம் உண்டல்லவா?