திருவண்ணாமலையில் வளர்ந்த ஆடம் ஆஸ்பர்ன்

ஒருவருடைய பெயர் பொதுச் சொல்லாக மாறி உலக வழக்கில் நிலைப்பது பெரும்பேறு என்று நாம் எண்ணுகிறோம். வோல்ட், ஆம்பியர், வாட் என்று ஆய்வுக்கூடத்தில் நாள்தோறும் சொல்கிறோம். சொல்லும்போதெல்லாம் அப்பெயருக்குரிய பெரியோர்களை நம்மை அறியாமலே போற்றுகிறோம். ஆனால் ஒரு தவற்றின் அடையாளமாகத் தம் பெயரை விட்டுச் சென்றவர்களும் உண்டு. வாணிப இயல் நூல்களில் ஆஸ்பர்ன் விளைவு என்றொரு தொடர் வழங்குகிறது. அடுத்து வரப்போகும் பொருளின் பெருமையை முன்கூட்டியே பேசி, கையில் உள்ள பொருளின் விற்பனையைத் தானே கெடுத்துக்கொள்வதற்கு அப்பெயர். கம்பெனி நடத்துவோர் எப்படி நடத்தக்கூடாது என்பதற்கு அதை எடுத்துக்காட்டாகக் கூறுவர்.

யார் இந்த ஆஸ்பர்ன்? அவருடைய வரலாற்றைத் தேடிப் படித்தபோது இரண்டு செய்திகள் என்னைப் பிடித்து நிறுத்தின. நான் வேதியியலில் முதுகலை பயிலுபவன். அவரும் வேதிப்பொறியியல் கற்றவர். நாம் தமிழ்நாட்டை விட்டுத் தொலைவில் வந்து படிக்கிறோம்; அவரோ தமிழ்நாட்டில் வளர்ந்து, கடல் கடந்து சென்று, இறுதியில் தமிழ்நாட்டு மண்ணிலேயே கண்மூடியவர். அவர் வாழ்க்கையை நம் சங்கத்து நண்பர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும் என்ற விருப்பமே இக்கட்டுரை.

ஆடம் ஆஸ்பர்ன் 1939ஆம் ஆண்டு மார்ச்சு 6ஆம் நாள் சயாம் நாட்டின் தலைநகரான பாங்காக்கில் பிறந்தார். தந்தையார் ஆர்தர் ஆஸ்பர்ன் ஆங்கிலேயர். அந்நகரத்துச் சூலலங்கார்ன் பல்கலைக் கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். தாயார் லூசியா போலந்து நாட்டினர். பெற்றோர் இருவருக்கும் ஆன்ம விசாரத்தில் நாட்டம் மிகுதி. 1941இல் குடும்பம் முழுவதும் இரமண மகரிஷி வாழ்ந்த திருவண்ணாமலைக்கு வந்தது. மனைவியையும் குழந்தைகளையும் அங்கே விட்டுவிட்டு ஆர்தர் மட்டும் பணிக்குத் திரும்பினார். சில மாதங்களில் போர் சயாமை எட்டியது. ஜப்பானியர் அவரைச் சிறைமுகாமில் அடைத்தனர். போர் முடிந்த 1945இல்தான் அவர் குடும்பத்தோடு மீண்டும் சேர்ந்தார். பிரிந்தபோது மகனுக்கு வயது 2. மீண்டும் கண்டபோது 6.

ஆதலால் அச்சிறுவனுக்கு நினைவு தெரிந்த முதல் ஊர் திருவண்ணாமலை. அவன் கண்ட மலை அண்ணாமலை. தெருவில் இறங்கினால் அவன் காதில் விழுந்தது தமிழ். மகரிஷியின் அருகில் ஓடியாடித் திரிந்த பிள்ளைகளில் அவனும் ஒருவன். தந்தையார் பின்னாளில் மகரிஷியின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதிப் புகழ் பெற்றார். 1964இல் இரமணாசிரமத்திலிருந்து ஆங்கிலப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கி நடத்தினார். மகன் சென்ற வழி வேறு. மகரிஷி மறைந்த 1950ஆம் ஆண்டிலேயே, 11 வயதில், ஆடம் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே பர்மிங்காம் பல்கலைக் கழகத்தில் வேதிப்பொறியியல் பயின்று 1961இல் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்று, டெலவேர் பல்கலைக் கழகத்தில் அதே துறையில் ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார். கலிபோர்னியாவில் ஷெல் எண்ணெய்க் கம்பெனியில் வேலை கிடைத்தது. நல்ல படிப்பு, நல்ல கம்பெனி, நல்ல சம்பளம். நம் பெற்றோர் நமக்காக வேண்டுவது இவைதாமே! ஆனால் பெரிய நிறுவனத்தின் கட்டுப்பாடும் அவருடைய இயல்பும் ஒத்துப்போகவில்லை. 1970களின் தொடக்கத்தில் அவ்வேலையினின்றும் நீங்கினார். ஆராய்ச்சிக்காகக் கணிப்பொறியைக் கையாண்டு பழகியிருந்தார். ஆங்கிலத்தில் தெளிவாக எழுதவும் வல்லவர். இவ்விரண்டையும் முதலாக வைத்துப் பிற கம்பெனிகளுக்கு இயந்திர விளக்க நூல்கள் எழுதிக் கொடுக்கும் தொழிலைத் தொடங்கினார்.

அக்காலத்தில்தான் நுண்செயலி என்னும் சிறு சில்லு பிறந்திருந்தது. அறை முழுவதும் அடைத்துக்கொண்டிருந்த கணிப்பொறியின் மூளை நகத்தளவு சிலிக்கனில் அடங்கியது. அதை வாங்கி வீட்டு மேசையின்மேல் கணிப்பொறி கட்ட இளைஞர் பலர் துடித்தனர். ஆனால் அது வேலை செய்யும் முறையை விளக்கிச் சொல்லும் நூல் அரிதாக இருந்தது. ஆஸ்பர்ன் அப்படியொரு நூலை எழுதினார். பதிப்பகத்தார் ஏற்கவில்லை. அவரோ மனம் தளராமல் 1975இல் தாமே அச்சிட்டு வெளியிட்டார். இம்சாய் என்னும் கணிப்பொறிக் கம்பெனி தான் விற்ற ஒவ்வொரு பெட்டியோடும் அந்நூலின் படி ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தது. ஸ்டான்போர்டுப் பல்கலைக் கழகத்து அரங்கில் கூடிய ஹோம்புரூ கணிப்பொறிக் கழகத்துக்கு ஆஸ்பர்ன் தாமே நூல்களைச் சுமந்து சென்று விற்றார். அந்நூல் 3 இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது. அவருடைய பதிப்பகம் பல நூல்களை வெளியிட்டு வளர்ந்தது. 1979இல் மெக்ராஹில் நிறுவனம் அதை விலைக்கு வாங்கிக்கொண்டது.

இதற்கிடையே பத்திரிகைகளில் கணிப்பொறித் தொழிலைப் பற்றிக் கட்டுரைகளும் எழுதிவந்தார். சொன்ன நாளில் பொருளைக் கொடுக்காத கம்பெனிகளையும், இல்லாத பெருமையைப் பேசி விற்ற கம்பெனிகளையும் சாடினார். குறை கூறுவது எளிது, செய்து காட்டுவதன்றோ அரிது என்று அத்தொழிலில் இருந்தோர் முணுமுணுத்தனர். அவர் செய்து காட்டப் புறப்பட்டார்.

கழகக் கூட்டங்களைத் தலைமை தாங்கி நடத்திவந்த பொறியாளர் லீ பெல்சன்ஸ்டீன், ஆஸ்பர்னின் எண்ணத்துக்கு வடிவம் கொடுத்தார். 1981ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கணிப்பொறிக் கண்காட்சியில் ஆஸ்பர்ன்-1 அரங்கேறியது. தையல் இயந்திரப் பெட்டிபோல் இருந்தது. மூடியைக் கழற்றினால் மூடியே விசைப்பலகை. நடுவில் 5 அங்குலத் திரை. இருபுறமும் பிளாப்பி வட்டு இயக்கிகள் இரண்டு. நினைவகம் 64 கிலோபைட். எடை ஏறக்குறைய 11 கிலோ. ஆனால் விமானத்தில் இருக்கைக்கு அடியில் வைக்கலாம். கையில் எடுத்துச் செல்லத்தக்க கணிப்பொறி வணிகத்தில் வெற்றி கண்டது அதுவே முதல்முறை.

திரையில் ஒரு வரிக்கு 52 எழுத்துக்களே தெரியும். நீண்ட வரியைப் படிக்கத் திரையைப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். உள்ளே இருந்த உறுப்புகளில் புதுமையானது ஒன்றும் இல்லை. அதுவே அவருடைய கொள்கை. மிகச் சிறந்ததைத் தேடிக் காலத்தையும் பணத்தையும் செலவிட வேண்டா. வேலைக்குப் போதுமானது கிடைத்தால் அதுவே போதும் என்பது அவர் எண்ணம்.

உண்மையான புதுமை வேறிடத்தில் இருந்தது. அந்நாளில் கணிப்பொறி வாங்கியவர், அதை இயக்கும் மென்பொருளைத் தனித்தனியே விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. ஆஸ்பர்ன் அவ்வழக்கத்தை மாற்றினார். கடிதமும் கட்டுரையும் எழுத வேர்ட்ஸ்டார், கணக்குப் போடச் சூப்பர்கால்க், நிரல் எழுத பேசிக் மொழி ஆகிய யாவற்றையும் பெட்டியோடு சேர்த்து 1,795 டாலருக்குக் கொடுத்தார். அம்மென்பொருள்களைத் தனியாக வாங்கினாலே 1,500 டாலர் ஆகும் என்று கணக்கிட்டனர். மென்பொருள் செய்தோருடன் பேசி மலிவாகப் பெற்றதும், சிலருக்குத் தம் கம்பெனியின் பங்குகளையே ஈடாகக் கொடுத்ததும் அவருடைய சாமர்த்தியம். நூல் எழுதிய கை அல்லவா? புதிதாக வாங்குபவன் எங்கே திகைத்து நிற்பான் என்பதை அவர் அறிந்திருந்தார். எழுத்தாளரும் சிறு வணிகரும் பொறியியல் தெரியாமலே கணிப்பொறியைக் கையாள முடிந்தது.

வேண்டுகோள்கள் குவிந்தன. ஒரே மாதத்தில் 10,000 பெட்டிகள் விற்ற காலமும் உண்டு. ஆனால் போட்டி சும்மா இருக்குமா? 1982இல் கேப்ரோ என்னும் பெட்டி அதே 1,795 டாலருக்கு, 9 அங்குலத் திரையுடன், வரிக்கு 80 எழுத்துக்கள் காட்டி வந்தது. 1981 ஆகஸ்டில் பிறந்த ஐ.பி.எம். கணிப்பொறி சந்தையைத் தன்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தது. அதற்கென எழுதிய மென்பொருளை ஏற்று ஓடக்கூடிய காம்பேக் கைப்பெட்டி 1983இல் விற்பனைக்கு வந்தது. அவ்வாண்டிலேயே ஆஸ்பர்ன் கம்பெனி எக்சிக்யூட்டிவ் என்னும் அடுத்த பெட்டியை அறிவித்தது. விலை 2,495 டாலர். பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்கக் கணக்கைச் சரிபார்த்தபோது, இலாபம் என்று நம்பியிருந்த இடத்தில் நட்டம் தலைகாட்டியது. 1983 செப்டம்பர் 13ஆம் நாள் கம்பெனி திவாலானது. கண்காட்சி நடந்து இரண்டரை ஆண்டு கூட ஆகவில்லை.

இங்கேதான் பழமொழி பிறந்தது. அடுத்த பெட்டியைப் பற்றி அவர் முன்னதாகவே பேசினார்; மக்கள் பழைய பெட்டியை வாங்காமல் காத்திருந்தனர்; கம்பெனி கவிழ்ந்தது என்று ஒரே மூச்சில் கதை சொல்லப்பட்டது. கேட்கச் சுவையான கதை. வாய்ப்பேச்சால் வளர்ந்தவர் வாய்ப்பேச்சாலேயே அழிந்தார் என்ற நீதியும் அதில் அமைந்துவிட்டது.

ஆனால் உள்ளே இருந்தவர்களின் நினைவுகள் அவ்வளவு எளிதாக முடியவில்லை. கம்பெனியில் பணியாற்றிய ஒருவரின் நினைவுகளை 2005இல் ராபர்ட் கிரிஞ்சலி என்னும் கட்டுரையாளர் வெளியிட்டார். அதன்படி, புதிய பெட்டி ஓரளவு விற்கத் தொடங்கியிருந்தது. அப்போது ஏறக்குறைய 1,50,000 டாலர் பெறுமான பழைய மின்சுற்றுப் பலகைகள் கிடங்கில் மிஞ்சியிருப்பதை ஒரு மேலதிகாரி கண்டார். அவற்றை வீணாக்கலாகாது என்று, முழுப் பெட்டிகளாக்குவதற்குத் திரையும் கூடும் இயக்கிகளும் வாங்கச் சுமார் 20 இலட்சம் டாலர் செலவிட்டார். எருமை வாங்குமுன் நெய்க்கு விலை பேசுவதை நம்மவர் நகைப்பர். இங்கேயோ கையிலிருந்த மூக்கணாங்கயிறு வீணாகக்கூடாதென்று மாடு வாங்கினார்கள்! இதற்கு மேலாகக் கேப்ரோவின் போட்டி, ஐ.பி.எம்.மின் எழுச்சி, அளவு மீறிய வேகத்தில் வளர்ந்த கம்பெனியின் கணக்குக் குழப்பம் ஆகியவையும் இருந்தன. 1984இல் டுவோரக் என்பவரோடு சேர்ந்து எழுதிய நூலில், கம்பெனியின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் ஆஸ்பர்ன் தாமே விவரித்தார்.

அறிவியல் மாணவர்களாகிய நாம் இதைச் சற்றுச் சிந்திக்க வேண்டும். ஒரு வினையில் விளைபொருள் குறைந்துவிட்டால், நாம் என்ன செய்கிறோம்? வெப்பநிலை, செறிவு, வினையூக்கி, பாத்திரத்தின் தூய்மை என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். கடைசியாக யார் குடுவையைத் தொட்டார் என்று கேட்டு அவர்மேல் பழிபோட்டு நோட்டை மூடுவதில்லை. சோதனைக்குழாய்க்கு நாம் காட்டும் இந்த நேர்மையை ஒரு மனிதரின் வாழ்க்கைக்குக் காட்ட வேண்டாவா? ஆஸ்பர்ன் குற்றமற்றவர் என்று நான் வாதிக்கவில்லை. அளவோடு பேசுவது அவர் இயல்பன்று; கம்பெனியை நிதானமாக நடத்தவும் அவரால் இயலவில்லை. ஆனால் பல காரணங்கள் கூடிச் செய்த வேலையை ஒரே காரணத்தின் தலையில் ஏற்றி, அதற்கு அவர் பெயரையே சூட்டியது அநீதி என்றே என் மனத்துக்குப் படுகிறது.

வீழ்ந்த பிறகும் அவர் ஓயவில்லை. 1984இல் மென்பொருளை நூல்போல் மலிவாக விற்கப் பேப்பர்பேக் என்னும் கம்பெனியைத் தொடங்கினார். லோட்டஸ் நிறுவனத்தின் கணக்குத்தாள் மென்பொருள் 495 டாலருக்கு விற்ற நாளில், அதேபோல் இயங்கும் ஒன்றை 100 டாலருக்குள் கொடுத்தார். 1987இல் லோட்டஸ் வழக்குத் தொடுத்தது. 1990இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கூட்டாட்சி நீதிமன்றம் லோட்டஸ் பக்கம் தீர்ப்பளித்தது. அவர் கம்பெனியை விட்டு விலகினார். வேடிக்கை என்னவெனில், போர்லண்டு என்னும் வேறொரு கம்பெனியின்மேல் லோட்டஸ் தொடுத்த இதுபோன்ற வழக்கில், 1995இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கட்டளைப் பட்டியலின் அமைப்புக்குப் பதிப்புரிமை இல்லை என்று கூறிவிட்டது. அத்தீர்ப்பு ஆஸ்பர்னுக்குக் காலம் கடந்து வந்தது.

அதற்குள் அவர் உடல் நலிந்திருந்தது. மூளையைத் தாக்கிய நோய் சிறிது சிறிதாக அவர் ஆற்றலைக் குறைத்தது. 1992இல் இந்தியாவுக்குத் திரும்பி, கொடைக்கானலில் தம் சகோதரியின் பராமரிப்பில் தங்கினார். கணிப்பொறி உலகம் அவரை மறந்து வேகமாகச் சென்றுகொண்டிருந்தது. 2003ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள், 64ஆம் வயதில், உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது.

நண்பர்களே! இன்று நம் விடுதியில் மடிக்கணினி இல்லாத அறை அரிது. அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு வகுப்புக்கும் நூலகத்துக்கும் போகிறோம். கணிப்பொறி கையோடு வர வேண்டும், விலை எளியதாக இருக்க வேண்டும், வாங்கிய அன்றே வேலை செய்ய வேண்டும் என்ற மூன்று எண்ணங்களையும் ஒரே பெட்டியில் வைத்து விற்றுக் காட்டியவர் ஆஸ்பர்ன். அவர் பெயரைத் தவற்றுக்கு உரியதாக மட்டும் வகுப்பில் கேட்க நேர்ந்தால், எழுந்து நின்று மற்றதையும் சொல்லுங்கள். விடுமுறையில் ஊர் திரும்பும்போது உங்கள் வழியில் திருவண்ணாமலை வருமானால், மலையைக் காணும் வேளையில், அதன் அடிவாரத்தில் விளையாடித் திரிந்த அந்தச் சிறுவனையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.