கவுனைக் கொளுத்திய வக்கீல்

மனு கொடுக்க எண்ணூரிலிருந்து பஸ் ஏறி ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீசுக்குப் போறோமே, அந்தக் கட்டடத்தோட பேரு சிங்காரவேலர் மாளிகை. அவர் 1860-ல் மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். சட்டம் படித்து ஐகோர்ட் வக்கீல் ஆனார். அந்தக் காலத்தில் கடற்கரை ஜனத்துக்கு அது லேசுப்பட்ட காரியமா?

அப்படிக் கிடைத்த வக்கீல் கவுனை 1921-ல் பொதுக்கூட்டத்தில் கொளுத்திவிட்டார். வெள்ளைக்காரன் கோர்ட்டே வேண்டாம்னு காந்தி சொன்ன நேரம் அது. அப்போ இவருக்கு வயசு 60-க்கு மேல். பிறகு பெரம்பூர் பின்னி மில் தொழிலாளிகள் பக்கம் நின்றார்.

1923 மே 1-ல் ஐகோர்ட்டுக்கு எதிரே கடற்கரையில், இந்தியாவிலேயே முதல் மே தினம் கொண்டாடினார். கொடிக்கு மகளின் சிவப்புச் சேலையைக் கிழித்தார்னு சொல்வாங்க. 1928 ரயில்வே வேலைநிறுத்தத்தில் கைதானார், 68 வயசில். 1946 பிப்ரவரி 11-ல் காலமானார்.