புளி தேய்த்த சேதுக் காசும் ஞானப்பிரகாசர் சுவாமிகளும்

புளத்கொகுபிட்டியவில் ஒரு தோட்ட லயத்தில் அந்தச் செப்புக் காசைக் கையில் வாங்கிப் பார்த்தேன். 1977 கலவரத்தோடு வன்னிக்குப் போய், 2009க்குப் பிறகு முகாமிலிருந்து உறவினரின் லயத்துக்கே திரும்பி வந்த குடும்பம் அது. கிளிநொச்சியில் கிணறு வெட்டியபோது கிடைத்த காசு, அம்மாவின் சேலை முடிச்சிலேயே முகாம் வரை வந்திருக்கிறது. கொழும்பில் ஒரு வியாபாரி போலி என்று சொல்லி நூறு ரூபாய் நீட்டினாராம். அதற்கு முன்பே அம்மா புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டார்.

அங்கேதான் நட்டம். காசு சேகரிப்போர் எழுத்தின் தெளிவையும் தேய்மானத்தையும் மட்டும் பார்ப்பதில்லை, காலத்தால் படிந்த களிம்பையும் பார்ப்பார்கள். அது போனால் தரம் இறங்கும். ஆனால் தரம் வேறு, உண்மை வேறு. அச்சில் அடித்த காசா, வார்த்தெடுத்த நகலா என்பதை விளிம்பு காட்டிக்கொடுக்கும். இதன் விளிம்பில் வார்ப்புக் கோடு இல்லை. ஒருபுறம் நிற்கும் உருவம். மறுபுறம் படுத்திருக்கும் நந்தி, பிறை, கீழே சேது என்ற தமிழ் எழுத்து.

இந்த வகைக் காசு யாருடையது என்பதே ஒரு காலத்தில் வழக்காக இருந்தது. இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையது என்று கருதியோர் இருந்தனர். யாழ்ப்பாண அரசர்களுடையது என்று 1920இல் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதி வாதிட்டவர் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர்.

1875இல் மானிப்பாயில் சைவக் குடும்பத்தில் பிறந்தவர். பிள்ளைப் பெயர் வைத்திலிங்கம். புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்த வேலையை விட்டு, 1901இல் கத்தோலிக்கக் குருவானார். சமய வாதங்களில் அவர் கடுமையானவர். எல்லாவற்றிலும் அவரோடு உடன்பட எனக்கு முடியாது. ஆனால் மொழிக்கும் வரலாற்றுக்கும் அவர் கொடுத்த உழைப்பு பெரியது. 1928இல் யாழ்ப்பாண வைபவ விமர்சனம் வந்தது. பல மொழிகளைக் கற்று, தமிழுக்குச் சொற்பிறப்பு ஒப்பியல் அகராதி எழுதத் தொடங்கி, அதை முடிக்காமலே 1947 சனவரியில் காலமானார். அதே துறையில் உழைத்த தாவீது அடிகள், 1981இல் யாழ். நூலகம் எரிவதைக் கண்ட அதிர்ச்சியில் இறந்தது நம் வாசகர்களுக்குத் தெரியும்.

காசு வாதத்தில் நந்தி ஒரு சாட்சி. அது ஆரியச்சக்கரவர்த்திகளின் கொடிச் சின்னம். இன்னொரு சாட்சி இருக்கும் இடம்தான் எனக்கு வியப்பு. சிங்கைநகர் ஆரியனின் வெற்றியைச் சொல்லும் கோட்டகம தமிழ்க் கல்வெட்டு சேது என்ற சொல்லோடுதான் தொடங்குகிறது. அது கிடைத்தது யாழ்ப்பாணத்தில் அல்ல, இந்தக் கேகாலை மாவட்டத்தில். 1924இல் இலங்கை நாணயங்கள் பற்றிய நூலை எழுதிய கொட்றிங்ரனும் சேதுக் காசை யாழ்ப்பாண அரசுக்கே உரியதாக வகைப்படுத்தினார்.

இதையெல்லாம் சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றுதான்: களிம்பு திரும்ப வருமா என்று. இனித் தேய்க்க வேண்டாம், கொழும்பு நூதனசாலையில் காட்டாமல் யாருக்கும் விற்கவும் வேண்டாம் என்றேன். காசை மருந்துப் போத்தல் ஒன்றில் போட்டு மூடி, சுவாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தார்.