காப்பி எடுத்தது எதை? – ஓலே யோஹான் டால்

ஒரு ஆப்ஜெக்டை இன்னொரு வேரியபிளுக்கு ஈக்வல் போட்டு, காப்பி எடுத்தாச்சுன்னு நினைச்சிருப்பீங்க. இதை மாத்தினா அதுவும் மாறும்! காப்பியானது முகவரி மட்டும்தான், ஆப்ஜெக்ட் ஒண்ணுதான்.

இந்தக் குழப்பத்துக்கு அப்பவே வழி வைத்தவர்களில் ஒருவர் ஓலே யோஹான் டால். 1931-ல் நார்வேயின் மண்டால் ஊரில் பிறந்தார். 1952-ல் ராணுவ சேவைக்காகப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனவர், கம்ப்யூட்டரோடு ஒட்டிக்கொண்டார். பிறகு நார்வே கணினி மையத்தில் கிறிஸ்டன் நைகார்டுடன் சேர்ந்து சிமுலா 67 மொழியை உருவாக்கினார். நாம படிக்கிற கிளாஸ், இன்ஹெரிட்டன்ஸ் எல்லாம் அங்கிருந்து வந்தவைதான்.

சிமுலாவில் மதிப்பைக் காப்பி எடுக்க := குறி; முகவரியைக் கொடுக்க :- குறி. கோடைப் பார்த்தாலே என்ன நடக்குதுன்னு தெரிஞ்சிடும். ஜாவா போன்ற பின்னாடி வந்த மொழிகளில் இரண்டுக்கும் ஒரே ஈக்வல்தான். அதான் முழிக்கிறோம்.

1968-ல் டால் ஆஸ்லோ பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 2001-க்கான டூரிங் விருது இருவருக்கும் கிடைத்தது. 2002 ஜூனில் டால் மறைந்தார். ஆகஸ்டில் நைகார்டும் போய்விட்டார்.

அடுத்த லேப்ல ஈக்வல் போடும் முன் கேளுங்க: முகவரி மட்டுமா? வெளி ஆப்ஜெக்ட் மட்டும் புதுசாகிற ஷாலோ காப்பியா? உள்ளே இருக்கிறதும் புதுசாகிற டீப் காப்பியா? டால் வைத்த கோடு இப்போ உங்க மனசுலதான் இருக்கணும்.