தனிநாயகம் அடிகள் எடுத்த தலைப்பு

இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்பு கிடைக்காமல் கோப்பெங் வீட்டில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் தனிநாயகம் அடிகள்தான் நினைவுக்கு வருகிறார்.

1913இல் யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைப் பக்கம் பிறந்தவர். ரோமில் இறையியலில் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியரானபோதுதான், தமது தமிழ் போதாது என்பது உறைத்தது. பண்டிதரிடம் பாடம் கேட்டார். முப்பது வயதைத் தாண்டி, 1945இல், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார்!

ஆய்வுக்கு அவர் எடுத்தது சங்கப் பாடல்களில் வரும் இயற்கை. குறிஞ்சி, முல்லை, மருதம் என்று நாம் மனனம் செய்கிறோமே, அதேதான். இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அவர் கையில் ரோமில் படித்த லத்தீன் இருந்தது. கிரேக்க, லத்தீன் கவிதைகளில் மலையும் வயலும் எப்படி வருகின்றன என்று பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். அந்த ஆய்வு ஆங்கிலத்தில் நூலானது. தமிழறியாதவர்களும் திணையைப் பற்றிப் படிக்க முடிந்தது.

1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடந்ததில் அவர் பங்கு பெரியது. 1980இல் மறைந்தார்.

என் பட்டியலில் இருந்த நான்கு செயலி யோசனைகளை நேற்று அழித்துவிட்டேன். பாட்டி பால்மரம் வெட்டிய காலத்துத் தோட்டச் சொற்களைக் கேட்டு எழுதுகிறேன். இதுவரை முப்பத்தொன்று.